ஒரு கேபிள், பல இடைமுகங்கள்: யூஎஸ்பி டிரைவர் எப்படிப் பேசுகிறது?

[திரையில்: மைக் பொருத்தப்பட்ட வெப்கேமரா கணினியில் செருகப்படுகிறது]

மைக்குடன் கூடிய ஒரு வெப்கேமராவைச் செருகும்போது நாம் இணைப்பது ஒரே கேபிளைத்தான் என்றாலும், இயங்குதளம் கேமராவையும் மைக்கையும் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. கருவிக்குள் வரையறுக்கப்பட்ட இடைமுகங்களோடு, அதாவது வீடியோ, ஆடியோ போன்ற தனித்தனிப் பணிப் பகுதிகளோடு, டிரைவர்கள் (கருவியை இயக்க இயங்குதளத்துக்கு உதவும் மென்பொருள்கள்) தனித்தனியே பிணைவதே இதற்குக் காரணம்.

செருகிய கணத்தில் கேமராவின் டிரைவருக்கு இன்னும் வேலை இல்லை. யூஎஸ்பி 2.0 கேமரா, 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாகத் தன் டி பிளஸ் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. கேபிள் செருகப்படும் துளைகளைக் கவனிக்கும் பகுதியான ஹப் அதை உணர்ந்து இயங்குதளத்துக்குத் தெரிவிக்கிறது. மீட்டமைக்கப்பட்ட கருவி முதலில் 0 என்ற முகவரியில் பதில் சொல்கிறது. பிறகு 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்று அதற்கு முகவரியாக வழங்கப்படுகிறது. அடுத்து இயங்குதளம் அதன் டிஸ்கிரிப்டர்களை, அதாவது கருவி தன்னைப் பற்றித் தானே தரும் விவரங்களை, கேட்டுப் பெறுகிறது.

[திரையில்: டிஸ்கிரிப்டர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிகின்றன]

கருவியின் டிஸ்கிரிப்டர் 18 பைட் நீளமுடையது. தயாரிப்பாளர் எண்ணும் தயாரிப்பு எண்ணும் அதில் உள்ளன. ஆனால் எந்த டிரைவர் பிணைய வேண்டும் என்ற கேள்விக்கான விடை, 9 பைட் மட்டுமே உள்ள இடைமுக டிஸ்கிரிப்டரில் இருக்கிறது. அதிலுள்ள வகை எண் 14 என்றால் வீடியோ, 1 என்றால் ஆடியோ, 3 என்றால் விசைப்பலகை, மவுஸ் போன்றவை, 8 என்றால் சேமிப்புக் கருவி. லினக்ஸ் இந்த எண்களைத் தன்னிடமுள்ள டிரைவர்களின் பட்டியல்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் டிரைவரின் புரோப் செயற்கூற்றை, அதாவது கருவியை ஏற்பதற்கான நிரல் பகுதியை, அழைக்கிறது. விண்டோஸில் யூஎஸ்பிசிசிஜிபி என்ற பொது டிரைவர் இடையில் நின்று, கருவியைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனிக் கருவி போலக் காட்டுகிறது.

பிணைந்த பிறகும் டிரைவர் கம்பிகளைத் தொடுவதில்லை. எந்த எண்ட்பாயிண்ட் (கருவியில் தரவு போய்வரும் முனை), எந்தத் திசை, எந்த நினைவக இடம், முடிந்ததும் எந்தச் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரு கோரிக்கையில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, அது தன் வேறு பணிகளைப் பார்க்கப் போய்விடுகிறது. லினக்ஸில் இக்கோரிக்கையின் பெயர் யூஆர்பி. அதைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்புவதும் பெறுவதும் ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற வன்பொருளின் பொறுப்பு. யூஎஸ்பி 2.0 முறையில் கேட்கப்படாமல் எந்தக் கருவியும் தரவை அனுப்புவதில்லை. மவுஸைக்கூடக் குறித்த இடைவெளியில் கன்ட்ரோலர்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அசைவு இல்லாதபோது மவுஸ் ‘இப்போது ஒன்றுமில்லை’ என்று மறுமொழி தருகிறது. இந்த ஓயாத விசாரிப்பு மையச் செயலிக்குத் தெரியாமலே நடப்பது இந்த வடிவமைப்பின் அழகு என்பேன்.

[திரையில்: 125 மைக்ரோ விநாடித் துண்டுகளாகப் பிரிந்த காலக்கோடு]

கேமராவின் நிலை சற்றுக் கடினமானது. வீடியோவைத் தொடர்ச்சியாக அனுப்பும் பல கேமராக்கள் ஐசோக்ரோனஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் நேரம் உறுதி செய்யப்படுகிறது, ஆனால் பழுதான பொட்டலம் மீண்டும் அனுப்பப்படுவதில்லை. அத்தகைய இடைமுகத்துக்குப் பல மாற்று அமைப்புகள் உண்டு. 0 என்ற அமைப்பு, தரவு செல்வதற்கான இடம் எதையும் இணைப்பில் கோராது. ஏதேனும் ஒரு மென்பொருள் கேமராவைத் திறக்கும்போதுதான் டிரைவர் தேவைக்கேற்ற வேறு அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் நேரம் 125 மைக்ரோ விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது; ஒரு துண்டுக்குள் 7,500 பைட்டுகள் அடங்கும். ஐசோக்ரோனஸ் போன்ற காலமுறைப் பரிமாற்றங்களுக்கு அதில் 80 சதவீதம், அதாவது 6,000 பைட்டுகள் வரைதான் கிடைக்கும். ஒரு கேமரா உச்ச அளவாக 3,072 பைட்டுகளைக் கேட்டால், அதே அளவு கேட்கும் இரண்டாவது கேமராவுக்கு அதே இணைப்பில் இடமில்லை. அப்போது லினக்ஸ் ‘கருவியில் இடமில்லை’ என்ற பிழையைத் தருவதுண்டு. வட்டு நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கோப்புகளை அழித்துப் பயனில்லை.

கேபிளைப் பிடுங்கும்போது, பிணைந்திருந்த ஒவ்வோர் இடைமுகத்துக்காகவும் அதற்குரிய டிரைவருக்குத் துண்டிப்புச் செய்தி செல்கிறது. நிலுவையிலுள்ள கோரிக்கைகள் பிழைக் குறியோடு திரும்புகின்றன. அவை அனைத்தும் திரும்பி வரும்வரை டிரைவர் தன் நினைவகத்தை விடுவிக்கக் கூடாது. பொறுமையின்றி விடுவிக்கும் டிரைவர் இயங்குதளத்தையே முடக்கிவிடக்கூடும்.