"நான்" என்று எழுதியவர்கள்

நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மார்மன் சபை என்ற கிறிஸ்தவ மதப்பிரிவு 1830 ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஃபயட் என்ற ஊரில் தொடங்கியது. அதே நாளில் அதன் நிறுவனர் ஜோசப் ஸ்மித் அறிவித்த இறைவாக்கின் முதல் வரியே, உங்களிடையே ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்பதுதான். பிறந்த அன்றே தன் கதையை எழுதி வைக்கச் சொன்ன சபை இது. அதனால்தான் இத்தனை காகிதம் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அந்தக் காகிதங்களைப் படிக்கும்போது எழுதிய கை யாருடையது என்று விடாமல் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஜோசப் ஸ்மித் வாய்விட்டுச் சொல்வார், பிறர் எழுதுவார்கள். 1832 நவம்பரில் ஒரு குறிப்பேடு வாங்கினார். கண்ணில் படும் சின்னச் சின்ன விஷயங்களையும் இதில் குறிப்பேன் என்று முதல் பக்கத்தில் எழுதினார். சில நாள் குறித்தார். அப்புறம் ஏறத்தாழ பத்து மாதம் ஒரு வரியும் இல்லை. ஆகவே எழுத்தர்கள் இல்லாமல் அவரால் முடியவில்லை.

அந்த எழுத்தர்களும் நிலைக்கவில்லை. 1831இல் வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்ட ஜான் விட்மருக்கு அந்தப் பொறுப்பில் முதலிலேயே விருப்பமில்லை. 1838இல் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். எழுதி வைத்திருந்த வரலாற்றை அவர் திருப்பித் தரவில்லை. சரி, முதலிலிருந்து தொடங்குவோம் என்று அந்த ஆண்டே மிசௌரியில் புதிதாக ஆரம்பித்தார்கள். அங்கிருந்தும் விரட்டப்பட்டு இல்லினாய் வந்த பிறகு ஜேம்ஸ் முல்ஹாலண்ட் எழுதினார். 1839 முடிவதற்குள் அவர் இறந்துபோனார். அடுத்து வந்த ராபர்ட் தாம்சன் 1841இல் இறந்தார். 1842 டிசம்பரில் வில்லார்ட் ரிச்சர்ட்ஸ் பொறுப்பேற்ற பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் சுட்டுக் கொன்றபோது அதே அறையில் ரிச்சர்ட்ஸ் இருந்தார், உயிர் தப்பினார். அன்றைய தேதியில் அந்த வரலாறு எதுவரை வந்திருந்தது தெரியுமா? 1838 ஆகஸ்ட் வரைதான். கடைசி ஆறு ஆண்டுகள், அதாவது இல்லினாயில் சபையினர் குடியேறிய நாவூ நகரம் எழுந்த காலம் முழுவதும், பாக்கி. ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்து வண்டியேற்றி மேற்கே சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டு போனார்கள். 1854இல் ரிச்சர்ட்ஸும் மறைந்தார். ஜார்ஜ் ஏ. ஸ்மித், வில்ஃபர்ட் உட்ரஃப், தாமஸ் புல்லக் முதலியோர் உழைத்து 1856இல் முடித்தார்கள்.

எப்படி முடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நூல் முழுக்க ஜோசப் ஸ்மித் தானே பேசுவதுபோல "நான்" என்று போகிறது. ஆனால் அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கையில் இருந்தவை பிறருடைய டைரிகள், கூட்டக் குறிப்புகள், செய்தித்தாள்கள். 1841 நவம்பர் 28இல் உட்ரஃப் தன் டைரியில், சபையின் புனித நூலான மார்மன் நூல் பூமியிலேயே மிகச் சரியான நூல் என்று ஜோசப் சொன்னார் என எழுதினார். வரலாற்று நூலில் அதுவே, "சகோதரர்களிடம் நான் சொன்னேன்" என்று ஆகிவிட்டது. இன்றும் அந்த வாசகம் அவர் வாய்ச்சொல்லாகவே மேற்கோள் காட்டப்படுகிறது.

இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பலர் இப்படி எழுதினார்கள். தங்கள் தலைவரின் குரலைக் காப்பாற்றுகிறோம் என்று இவர்கள் மனமார நம்பினார்கள். நாடு கடந்து, பசியோடும் நோயோடும் அந்த ஏடுகளைச் சுமந்தவர்கள். அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

1842இல் நாவூவில் பெண்களுக்கென்று நிவாரணச் சங்கம் அமைந்தது. செயலாளர் எலைசா ஸ்னோ. ஏப்ரல் 28 அன்று ஜோசப் ஸ்மித் அங்கே பேசியதை அவர் உடனிருந்து எழுதினார்: "கடவுளின் பெயரால் இந்தத் திறவுகோலை உங்களிடம் திருப்புகிறேன்." 1850களில் சபையின் வரலாற்று அலுவலகத்தில் அது, "உங்கள் சார்பில் திருப்புகிறேன்" என்று மாறியது. முதல் வாசகத்தில் அதிகாரம் பெண்கள் கைக்கே வருகிறது. இரண்டாவதில் அவர்களுக்காக வேறு யாரோ அதை வைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான தொகுதிகளிலும் மாறிய வாசகமே வந்தது. கேட்டு எழுதிய ஒரு பெண்ணின் வரியை, அந்தக் கூட்டத்தில் அமர்ந்து குறிப்பெடுக்காத ஆண்கள் திருத்தியிருக்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

நல்லவேளை, எலைசா ஸ்னோ அந்தக் குறிப்பேட்டைத் தன்னுடனேயே மேற்கே எடுத்துச் சென்றார். இப்போது அது அச்சிலும் இணையத்திலும் கிடைக்கிறது. சபையின் வரலாற்றுத் துறையே 2008 முதல் 2023 வரை ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களை 27 தொகுதிகளாக வெளியிட்டது. எந்தப் பக்கம் யார் கையெழுத்து, எங்கே அடித்தார்கள், எதை இடையில் சேர்த்தார்கள் என்று அவற்றில் குறித்திருக்கிறார்கள். படிக்கப் போகிறவர்கள் அந்த ஏப்ரல் 28ஆம் தேதிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பழைய அச்சுத் தொகுதியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.