எல்லைக்கோடு ஊருக்குள் வந்த கதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

நகரங்கள் பெருகுவது ஊரைவிட்டு வரும் மக்களாலா, ஊரைத் தேடி வரும் எல்லைக்கோட்டாலா? இதுதான் தலைப்பு. நான் எல்லைக்கோட்டின் பக்கம். எதிரணித் தலைவர் விடியற்காலை மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டத்தைக் காட்டி, "கிராமமே காலியாகிறது" என்றார். ஐயா, சாயங்காலம் அதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். தூக்குவாளியோடு திரும்பிப் போகிறார்கள். வேலைக்கு வந்து போகிறவரைக் குடியேறியவர் கணக்கில் எழுதலாமா?

மதுரையையே எடுத்துக்கொள்வோம். 72 வார்டு இருந்த பழைய மாநகராட்சியில் 2001இலிருந்து 2011 வரை மக்கள் தொகை பத்து சதவீதம் அளவுக்குத்தான் கூடி, 10.17 லட்சத்துக்கு வந்தது. அதுவும் இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து! பிறகு அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் பக்கத்துப் பேரூராட்சி, ஊராட்சிகளும் உள்ளே வந்தன. வார்டு நூறானது. பரப்பு 51.82 சதுர கிலோமீட்டரிலிருந்து 147.99 ஆனது. மக்கள் தொகை 14 லட்சத்தைத் தாண்டியது. பெட்டி படுக்கையோடு வந்தவர் யார்? திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் உட்கார்ந்தபடியே மாநகரவாசி ஆனார்.

நாடு முழுக்க இதே கதைதான். சட்டப்படி நகரமாகாத ஊரையும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 'கணக்கெடுப்பு நகரம்' என்று எழுத மூன்று நிபந்தனை: 5,000 பேர் வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும், முதன்மைத் தொழிலாளரான, அதாவது வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும், ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். ஆண்கள் மட்டும்! வீட்டுக்காரர் கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போக, நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. வயலில் கால் வைத்திருக்கும்போதே அந்த அம்மா நகரத்துப் பெண். இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் இந்தியாவில் 1,362, 2011இல் 3,894. தமிழ்நாட்டில் மட்டும் 111 இருந்தது 376 ஆனது.

எதிரணியினர் சீனாவைச் சொன்னார்கள். அங்கே நகரவாசிகள் 1978இல் 18 சதவீதம், இன்று 60க்கு மேல். பிள்ளைகள் தொழிற்சாலைக்கு ரயிலேறியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் மாவட்டங்களையே நகரம் என்று பெயர் மாற்றினார்கள். எகிப்தோ பல பத்தாண்டுகளாக 43 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அங்கே ஊர் பெரிதாகவில்லையா? பெரிதானது, பட்டியலில் 'கிராமம்' என்றே கிடக்கிறது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் நகரம். ஜப்பானில் நகரத் தகுதிக்கு 50,000 பேர் வேண்டும். 2007இல் உலகில் பாதிப்பேர் நகரவாசி ஆனார்கள் என்று ஐ.நா. சொன்னது, இப்படி ஆளுக்கொரு படியால் அளந்த நெல்லைக் கூட்டித்தான்.

"கோடுதானே, போட்டால் என்ன?" என்பார்கள். அங்கேதான் சங்கடம். கணக்கெடுப்பு நகரம் என்பது நிர்வாகத்தில் ஊராட்சிதான். பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். லாரி உறிஞ்சியதைக் கொட்டச் சுத்திகரிப்பு நிலையம் தூரம். பாசன ஏரியான கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கம். அப்புறம் தண்ணீர். கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல் பிளாட் ஆனதும் மடையைத் திறக்கச் சொல்ல ஆளில்லை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு வேலையில்லை. முன்பு ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வயல் குடித்து, கண்மாயில் இடம் விடும். இப்போது ஐப்பசி முதல் மழைத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அடுத்த மழைக்கு, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிகிறது. அந்தத் தண்ணீர் மறுகாலாக ஓடிய பாதையிலோ வீடு! கீழ்க் கண்மாய்க்குப் போக வேண்டியது ஹாலுக்குள் வருகிறது. 'மழை அதிகம்' என்கிறோம். அதிகமானது மழை மட்டுமா?

நடுவர் மணியை எடுத்துவிட்டார், ஒரே கேள்வி. மத்திய அரசின் கிராம நிதி கிடைக்கட்டும் என்று 2004இல் தமிழக அரசு, நகரப் பட்டியலில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைக் கிராம ஊராட்சி ஆக்கியது. 2006இல் மறுபடி பேரூராட்சி. அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா சொல்லட்டும்: அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை லட்சம் பேர் நகரத்தைவிட்டுக் கிராமத்துக்கு பஸ் ஏறி, திரும்பவும் நகரத்துக்கு பஸ் ஏறினார்கள்?