அளக்காமல் விட்ட புள்ளிகள்

(புள்ளியியல் நாளையொட்டி, தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த நூலகர் அவர்களே, வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருக்கும் உதவி அலுவலர் தம்பி அவர்களே, வயல் வேலையை முடித்துக்கொண்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, இந்த ஆண்டு கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்துச் சேர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அம்மா அவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். வருகிற வழியில் ஊருணியைப் பார்த்தேன். தூர்வாரி, கரையை உயர்த்தி, சுற்றிலும் பனைவிதை ஊன்றியிருக்கிறார்கள். இப்படி ஒரு தலைவர் இருக்கிற ஊரில் பேசுவது எனக்குப் பெருமை. அவரிடம் ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். அதை முறைப்படி கடைசியில் சொல்கிறேன். தலைமையாசிரியை அவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

இன்று ஜூன் 29. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893இல் பிறந்த நாள். 2007 முதல் இந்த நாளைப் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடுகிறது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். ஐந்தாண்டுத் திட்டம் என்றதும் அவரை நினைப்பவர்கள் பலர். எனக்கு அவர் வெள்ளத்தை ஆராய்ந்த மனிதர். 1926இல் ஒடிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். மகலனோபிஸ் அறுபது ஆண்டு மழையையும் ஆற்று நீரின் அளவையும் எடுத்து வைத்து ஆராய்ந்தார். படுகை மேடானது காரணம் இல்லை, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழைதான் காரணம் என்று காட்டினார். அறுபது ஆண்டு யாரோ ஒருவர் தினமும் அளந்து எழுதி வைத்திருந்ததால்தானே அது முடிந்தது?

நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. வேண்டாம் என்று தூக்கி எறிகிற பொருளாக இருந்தாலும், எவ்வளவு எறிகிறோம் என்று தெரிந்து எறி என்பது அதன் பொருள். என் ஆச்சி உலையில் அரிசி போடும்போதெல்லாம் இதைச் சொல்வார். புள்ளியியலில் முதல் பாடமாக இதைத்தான் வைப்பேன்.

இன்று மூன்று செய்திகள் பேச நினைத்திருக்கிறேன். அளந்த எண்களை எப்படிப் படமாகப் போடுவது, அவற்றின் நடுவை எப்படிச் சொல்வது, அவை எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை எப்படிச் சொல்வது.

முதலில் படம். கரும்பலகையில் பன்னிரண்டு எண்கள் எழுதியிருக்கிறேன். ஓர் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளில் நவம்பர் மாத மழை, சென்டிமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்காக நானே எழுதிக்கொண்ட எண்கள்தான். 23, 8, 31, 19, 78, 14, 27, 20, 46, 11, 34, 22. இப்படிப் படித்தால் ஒன்றும் புலப்படாது. இதைத் தண்டு-இலை வரைபடமாக மாற்றுவோம். இடப்பக்கம் பத்தின் இலக்கம் தண்டு. வலப்பக்கம் ஒன்றின் இலக்கம் இலை.

0 | 8
1 | 1 4 9
2 | 0 2 3 7
3 | 1 4
4 | 6
5 |
6 |
7 | 8

பாருங்கள், ஒரு பார்வையில் எவ்வளவு தெரிகிறது! பத்திலிருந்து முப்பத்தைந்துக்குள் கூட்டம். நாற்பதுக்கு மேல் ஆள் குறைவு. ஐம்பதும் அறுபதும் காலி. கடைசியில் 78 தனியாக நிற்கிறது. ஒரு எண்ணைக்கூட நாம் இழக்கவில்லை. பன்னிரண்டு எண்ணும் அங்கேயே இருக்கின்றன. இந்த முறையை 1977இல் வந்த தன் நூலால் உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜான் டியூக்கி என்ற அமெரிக்கர். பேனாவும் தாளும் போதும்.

5, 6 என்ற இரண்டு வெற்றுத் தண்டுகளையும் ஏன் எழுதினேன்? மாணவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். விட்டால் 46க்கு அடுத்து 78 ஒட்டி நிற்கும், வெள்ளம் வந்த ஆண்டு சாதாரண ஆண்டு போலத் தெரியும். வெற்றிடமும் ஒரு செய்தி. அதையும் போட வேண்டும்.

எண்கள் நூறு, ஆயிரம் என்று பெருகினால் நிகழ்வுச் செவ்வகம் வரைகிறோம். எண்களைச் சம இடைவெளியில் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை எண்கள் விழுகின்றனவோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு செவ்வகம் போடுவதுதான் அது. பத்துப் பத்தாகப் பிரித்தால் நான் சொன்ன அந்தப் பள்ளம் தெரியும். நாற்பது நாற்பதாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பிரிவில் 10 ஆண்டு, அடுத்த பிரிவில் 2 ஆண்டு, இரண்டே செவ்வகம். 78 மறைந்தே போய்விட்டது. எண்களை மாற்றவில்லை, பொய் சொல்லவில்லை. பிரிவு இடைவெளியை மட்டும் அகலமாக்கினோம். ஆகவே ஒரே தரவுக்கு இரண்டு மூன்று இடைவெளிகளில் வரைந்து பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். இன்னொன்று, ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாக மழையைக் காட்டுவது பட்டை விளக்கப்படம். அதில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடலாம். நிகழ்வுச் செவ்வகத்தில் செவ்வகங்கள் ஒட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் கீழே இருப்பது தொடர்ச்சியான அளவுகோல். தேர்வில் இதற்கு மதிப்பெண் போகிறது பிள்ளைகளே, கவனம்.

அடுத்து நடு. இந்தப் பன்னிரண்டையும் கூட்டினால் 333. சராசரி 27.75. இதில் எட்டு ஆண்டுகள் சராசரிக்குக் கீழே இருக்கின்றன. நான்கு ஆண்டுகள்தான் மேலே. எல்லாவற்றையும் கூட்டாஞ்சோறாகக் கிளறியதில் அந்த ஒரு 78 மொத்தத்தையும் மேலே இழுத்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற 22, 23 இரண்டுக்கும் மத்தியை எடுத்தால் இடைநிலை 22.5. நவம்பர் மழையை நம்பி விதை வாங்குகிற விவசாயிக்கு எது உதவும்? நான் 22.5 என்பேன். குளத்தில் மிகுந்த நீரை வெளியேற்றக் கலுங்கு கட்டுகிற பொறியாளருக்கு எது வேண்டும்? அவருக்குச் சராசரியும் வேண்டாம், இடைநிலையும் வேண்டாம், அந்த 78தான் வேண்டும்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதைவிட அதிகமான மழை ஒரு நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது. ஒரு ஏக்கரில் 95 சென்டிமீட்டர் என்றால் சுமார் 38 லட்சம் லிட்டர் தண்ணீர். இந்த மூன்று ஊர்களின் சராசரி 75. அந்த 75 எந்த ஊரிலும் பெய்யவில்லை. மூன்று எண்ணையும் அப்படியே சொல்வதுதான் நேர்மை. இந்த மூன்று ஊருக்கும் நடுவே, வெள்ளத்தில் மூழ்கிய எத்தனை சிற்றூர்கள்! அங்கே எவ்வளவு பெய்தது? மழைமானி இல்லாத ஊரின் மழையை யாரும் சொல்ல முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் ஆறே வீட்டுக்குள் வந்தபோதும் அளக்கவில்லை.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கதை இல்லை, நடந்தது. ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது வலிக்கும்.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சேலஞ்சர் விண்ணோடம் புறப்படத் தயாராக நிற்கிறது. ஏழு பேர் போகிறார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளி ஆசிரியை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்து, அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப்போகிறார். நாடு முழுக்கப் பிள்ளைகள் வகுப்பறையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய இரவு ஒரு தொலைபேசிக் கூட்டம். விண்ணோடத்தை மேலே தள்ளும் ராக்கெட் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டா மாநிலத்திலிருந்து பேசுகிறார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. சூடான வாயு வெளியே கசியாமல் அடைத்து நிற்பவை அவை. நாளைக் காலை கடும் குளிர், ரப்பர் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்கிறார்கள். ஆதாரம் கேட்கிறது மறுமுனையில் இருந்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா. முன்பு வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை எடுத்து வைக்கிறார்கள். மொத்தம் ஏழு. அந்த ஏழில் 12 டிகிரி செல்சியஸிலும் பாதிப்பு இருக்கிறது, 24 டிகிரியிலும் இருக்கிறது. குளிரிலும் கெட்டது, வெதுவெதுப்பிலும் கெட்டது, அப்புறம் குளிரை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்? பொறியாளர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நிறுவனத்தின் மேலதிகாரிகள் தனியே கூடிப் பேசி, ஏவலாம் என்று சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் வெப்பநிலை 2 டிகிரி. ஏவினார்கள். 73ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. அந்த ஆசிரியையோடு ஏழு பேரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விசாரணைக் குழு அமைந்தது. அதில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன், கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். நசுக்கிய ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்தக் குழு சேர்த்துக் காட்டிய படம். பாதிக்கப்பட்ட ஏழு பயணங்களோடு, பாதிப்பே இல்லாத பயணங்களையும், கிடைக்கோட்டில் வெப்பநிலை போட்ட அதே படத்தில் புள்ளியாக வைத்தார்கள். அப்போது தெரிந்தது. 18 டிகிரிக்கு மேலே 20 பயணங்கள், அவற்றில் பாதிப்பு மூன்றில்தான். அதற்குக் கீழே நான்கு பயணங்கள், நான்கிலும் பாதிப்பு. ஏவிய நாளோ இந்தப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் இடப்புறம், வெகுதூரத்தில், 2 டிகிரியில் நிற்கிறது. ஒரு தாள், ஒரு பென்சில், இருபத்துச் சொச்சம் புள்ளிகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வரைந்துவிடும். கெடாத பயணத்தில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியவற்றில்தான் ஏழு உயிர்களின் பதில் இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், நம் ஊர்ப் பள்ளிகளிலும் அதே காரியம் நடக்கிறது. ஒரு பள்ளியில் மழைப் பதிவேடு பார்த்தேன். அழகான கையெழுத்து. மழை பெய்த நாளில் மட்டும் எண் இருக்கிறது, மற்ற நாளெல்லாம் வெறும் கட்டம். அந்தக் கட்டத்தில் மழை பெய்யவில்லையா, அன்று யாரும் பார்க்கவில்லையா? பெய்யாத நாளில் 0.0 என்று எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே வராது. இன்னும் பாருங்கள், திங்கட்கிழமைகளில் மட்டும் பெரிய பெரிய எண்கள். சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. மூன்று நாள் தண்ணீரும் குடுவையில் சேர்ந்து திங்கள் கணக்கில் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் அதை வைத்து நிகழ்வுச் செவ்வகம் வரைந்தால், வராத கனமழை வந்ததாகத் தெரியும்.

அதனால்தான் ஊர் ஊராகப் போய் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கு ஒரு மழைமானி வேண்டும். மரமோ கட்டடமோ மறைக்காத இடம், அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி. வாய் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம். வானிலைத் துறை அளக்கிற அதே நேரம், காலை 8.30. வாங்க முடியாத பள்ளி, மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை வைத்து அளவுகோலால் அளக்கட்டும். சரிந்த பக்கமுள்ள வாளி வேண்டாம், கணக்குத் தப்பும். விடுமுறை நாளில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தில் எங்கோ உள்ள தொழிற்சாலையில் எத்தனை பேருக்கு எவ்வளவு ஊதியம் என்று இடைநிலை கண்டுபிடிக்கிற பிள்ளை, தான் நனைந்த மழைக்கு இடைநிலை கண்டுபிடிக்கட்டும். ஒரு நாள், இரண்டு நாள் மழையை உழவு மழைக் கணக்கில், அதாவது நிலத்தை உழுவதற்குப் போதிய ஈரம் தரும் மழை என்ற கணக்கில், சொல்லப் பின்வரிசைப் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அதையும் கேட்டுப் பக்கத்துக் கட்டத்தில் எழுதட்டும். ஓர் உழவு மழைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நம் மண்ணுக்கு நாமே ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதாகப் பரவல் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். கால்மானம், பெட்டி வரைபடம், திட்டவிலக்கம் எல்லாம் அதில் வரும். மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். கால்மானம் என்பது வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கிற எல்லை. பலகையில் உள்ள எண்களுக்கு முதல் கால்மானம் 16.5, மூன்றாம் கால்மானம் 32.5, இரண்டுக்கும் உள்ள இடைவீச்சு 16. மூன்றாம் கால்மானத்திலிருந்து அதைப்போல ஒன்றரை மடங்கு, 24, மேலே போனால் 56.5. அதற்கும் மேலே உள்ள எண்ணைக் கூட்டத்தை விட்டு விலகியது என்கிறோம். அந்த எல்லையைத் தாண்டி நிற்பது 78 ஒன்றுதான். 46 தாண்டவில்லை. மீதியைத் தலைமையாசிரியை அவர்கள் வகுப்பில் சொல்லித் தருவார்கள்.

தலைவர் அம்மா அவர்களிடம் கோரிக்கை இருக்கிறது என்றேன். ஊராட்சி அலுவலகத்தின் முன்சுவரில் ஆறடிக்கு நான்கடி இடம் வேண்டும். வெள்ளையடித்துக் கட்டம் போட்டுத் தாருங்கள். மாதம் முடிந்ததும் பிள்ளைகள் வந்து அந்த மாத மழைக்கு ஒரு பட்டை தீட்டுவார்கள். மழையே இல்லாத மாதத்துக்கும் பெயர் எழுதி, மேலே 0 என்று போடுவார்கள். கிராம சபைக் கூட்டத்தில் ஊருணி, வாய்க்கால், கலுங்கு என்று பேச்சு வரும்போது அந்தச் சுவரைக் காட்டிப் பேசலாம். வேளாண் உதவி அலுவலர் தம்பி, விதைப்புக்கு ஆலோசனை சொல்ல வரும்போது நீங்களும் அதன் முன்னால் நின்று சொல்லுங்கள்.

எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அதை மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொடுத்த அக்காவுக்குக் கொடுக்க அனுமதி கேட்கிறேன். கட்டம் போட்ட மழைப் பதிவேடுகள் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் நாளிதழ் மேசையில் இருக்கின்றன. ஆசிரியர்கள் பள்ளியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நாளைய தேதி போட்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.