குழல் மாற்றப் போகும் ரைபிளுக்குப் பழைய ஆக்‌ஷனா, புதியதா?

வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் லேத்தை நிறுத்திவிட்டு இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். பக்கத்துப் பட்டறையின் கிரைண்டர் சத்தம் இடையில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, ஓய்வு பெற்றபின் அங்கேயே தங்கிவிட்ட என் சித்தப்பா, உரிமத்தோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். தம்மிடமுள்ள பழைய ராணுவ மவுசர் 98 ரைபிளின் தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டு, 7×64 தோட்டாவுக்கான புதுக்குழலை அதிலேயே பூட்டலாமா, புதிய ஆக்‌ஷன் (குழல் பூட்டும் உடலும், அதற்குள் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் சேர்ந்த பகுதி) ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வேலையைச் செய்யப்போவது அங்குள்ள துப்பாக்கிப் பட்டறைக்காரர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். ஆகவே என்னிடம் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

என் கையிலுள்ள அலுமினியத் துண்டைப் பாருங்கள். இடப்பக்கம் மவுசர் 98 குழலின் மரையைக் கடைந்திருக்கிறேன்: விட்டம் 1.1 அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 பாகை; பழைய பி.எஸ்.டபிள்யூ (பிரிட்டிஷ் விட்வொர்த் மரை) திருகாணிகளைக் கடைந்தவர்களுக்குக் கைவந்த கோணம். வலப்பக்கம் இருப்பது 1962இல் வந்த ரெமிங்டன் 700 ரைபிளுக்குரியது: 16 மரை, 60 பாகை. மரை வெட்டுவதைப் பொறுத்தவரை எது பழையது, எது புதியது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. 1958இல் வந்த சாவேஜ் 110 ரைபிளில் குழலை ஒரு நட்டு இறுக்கிப் பிடிப்பதால், ஆழம் அளக்கும் கேஜை வைத்துக் குழலைத் திருகித் தோட்டா அறையின் ஆழத்தைச் சரிசெய்துவிடலாம். பட்டறைக்காரனுக்கு அதைவிடச் சுலபமானது வேறில்லை.

வடிவமைப்பில் 98ஐக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போல்ட்டின் முன்னால் உள்ள இரண்டு லக்குகள் (உடலில் மாட்டிப் பூட்டும் புடைப்புகள்) உடைந்தாலும் பின்னால் மூன்றாவது ஒன்று தாங்கும். பித்தளைக் கூடு கிழிந்தால் வாயு வெளியேறப் போல்ட்டிலேயே துளைகள் உண்டு. நீண்ட கொக்கி தோட்டாவைத் தொடக்கத்திலேயே பற்றிக்கொண்டு உள்ளே செல்லும்.

என் கவலையெல்லாம் இரும்பைப் பற்றியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைபிளும் மவுசர் வழி வந்ததுதான். ஆனால் 1917இல் அதன் உடல்கள் சில வெடித்துச் சிதறியபோது காரணம் உலைக்களத்தில் கிடைத்தது: இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்த தொழிலாளர்களுக்கு, வெயில் பிரகாசமான நாளில் அது உண்மையைவிட மங்கலாகத் தெரிய, அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டார்கள். அதனால்தான் அந்தத் தொழிற்சாலையில் 8,00,000க்குக் குறைந்த எண்ணுள்ள உடல்களை இன்றும் ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள். நம் கொல்லர்கள் இருட்டு மூலையில் உலை வைப்பதன் நியாயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மவுசரில் சிக்கல் வேறு. கார்பன் குறைந்த எஃகின் மேல்தோலுக்கு மட்டும் கேஸ் ஹார்டனிங் செய்து, சிதறாமலிருக்க உட்பகுதியை மென்மையாக விட்டிருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் சித்தப்பா போல்ட் கைப்பிடியை மெதுவாகத் தூக்கியபோது, அது பாதியில் ஒரு சிறு தடையில் முட்டி ஏறியது. உடலில் லக் அமரும் தோள் உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. அதிலிருந்து ஏறித்தான் போல்ட் திரும்ப முடிகிறது. அதைக் கடைந்து சமன்செய்தால் கடினமான தோல் போய் மென்மையான உட்பகுதிதான் மிஞ்சும். 4,150 பார் வரை அழுத்தம் எழும் தோட்டாவை அங்கே நம்பிப் பூட்ட முடியாது.

பள்ளம் இல்லாதிருந்தாலும் தொலைநோக்கிக்கு உடலில் துளையிட வேண்டும், கைப்பிடியை வளைக்க வேண்டும், மேல்நோக்கி நிற்கும் சேஃப்டியையும் மாற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அதற்காக ரெமிங்டன்தான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. செர்பியாவின் ஜஸ்தாவா எம்70, 98இன் வடிவத்தையே பிற்கால எஃகில் செய்து, தொலைநோக்கித் துளைகளோடு வருகிறது. அந்தக் கொக்கியை விட மனமில்லாத சித்தப்பாவும் அதைத்தான் எடுத்திருக்கிறார். குழல் பூட்டியபின் செயிண்ட் எத்தியேன் சோதனைச்சாலையில் 25 விழுக்காடு கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டு முத்திரை பெற வேண்டும். அந்த முத்திரையின் படம் வந்ததும் இங்கே காட்டுகிறேன்.