கலிபோர்னியா வால்வு ஆம்பும் நெல்லை டவுன் ரேடியோ கடையும்

[காட்சி: இருட்டறை. ஆம்பின் பின்பக்கம். இரண்டு வால்வுகளும் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகின்றன.]

இந்த வெளிச்சம் வர அரை நிமிடம் ஆகும். அதுவரை கிட்டார் கம்பியைத் தட்டினாலும் சத்தம் வராது. எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் இப்படிச் சூடேறிய பிறகு பேச ஆரம்பித்த பெட்டி ஒன்றுதான், தாத்தாவின் ரேடியோ. இரண்டும் ஒரே குடும்பம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிப்பவன். அமெரிக்காவில் கையால் வயரிங் செய்த ஒரு வால்வு ஆம்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை, ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு இஎல்84 இரண்டு. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்கு வந்த சிக்கல்கள் எந்தக் கம்பெனி ஆம்புக்கும் நம் ஊரில் வரக்கூடியவை.

"அண்ணா, இவ்வளவு பணம் போட்டு வாங்கலாமா?" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். சத்தத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், அது அருமையான சத்தம். ஆனால் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதைத் திறந்து பழுது பார்க்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: வாய்க்கால் மடை. பலகையை ஒருவர் ஒரு விரற்கடை தூக்குகிறார். தண்ணீர் பாய்கிறது.]

முதலில் வால்வு என்ன செய்கிறது? தாமிரபரணி வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கண்ணாடிக்குள் காற்றே கிடையாது. நடுவில் ஹீட்டர் ஒன்று கேத்தோடு என்ற உலோகப் பகுதியைச் சூடாக்குகிறது. சூடானதும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, பல நூறு வோல்ட் ஏற்றி வைத்திருக்கும் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. அதுதான் மடைப் பலகை. கிட்டாரிலிருந்து வருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சின்ன அசைவு. அந்த அசைவு பலகையை ஆட்டினால் போதும், பின்னால் பெரிய தண்ணீர் அதே தாளத்தில் ஆடும். ஆம்பின் முன்வரிசையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கும் திறன் கிட்டத்தட்ட 100.

சரி, டிரான்சிஸ்டரும் இதைத்தானே செய்கிறது? செய்கிறது. எல்லையைத் தொடும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் அலையின் தலையைக் கத்தியால் சீவிய மாதிரி வெட்டிவிடும். காதுக்குக் கரகரப்பு. வால்வு அப்படி வெட்டுவதில்லை. எல்லை நெருங்க நெருங்க அலையின் தலையை வளைத்துக்கொண்டே போகும். அந்த வளைவில் புது ஸ்வரங்கள் கலக்கும். பிக்கை, அதாவது கம்பியைத் தட்டும் சின்ன வில்லையை, அழுத்தி வாசித்தால் உறுமும், விரலைத் தளர்த்தினால் அடுத்த நொடியே தெளியும். ஆறு வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பிடித்தது இந்தக் குணம்தான். வால்யூம் குமிழைத் தொடவே வேண்டாம், கை போதும்.

[காட்சி: வரைபடம். கலிபோர்னியா, ஃபுல்லர்டன்.]

இந்தக் கதை தொடங்கியதும் ஒரு ரேடியோ கடையில்தான். பின்னாளில் ஃபெண்டர் கிட்டார், ஆம்ப் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1938-ல் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்கள் கொண்டுவந்த பெட்டிகளைத் திறந்து, எது எங்கே பழுதாகிறது என்று பார்த்துக் கற்றவர். அந்தக் காலத்து ஆம்ப் சர்க்யூட்டுகளின் வேர், வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளில் இருக்கிறது. எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்று எழுதிய தாளைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி அனுப்பினார்கள். பழுது பார்க்கிற ஆளை மனதில் வைத்துச் செய்த பெட்டி அது. அவருடைய 1959 பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையினர் தங்கள் முதல் ஆம்பைச் செய்தார்கள்.

1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆம்புகளைத் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம் ராண்டல் ஸ்மித். சின்ன ஃபெண்டர் பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய டிரான்ஸ்பார்மரையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்தார். அதை வாசித்துப் பார்த்த கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா சொன்ன வார்த்தையிலிருந்துதான் ஸ்மித்தின் ஆம்புகளுக்குப் பூகி என்ற பெயரே வந்தது. மார்க் சாம்ப்சனின் மேட்ச்லெஸ் ஆம்ப், மைக் சொல்டானோவின் 100 வாட் ஹெட் (ஸ்பீக்கர் சேராத தனி ஆம்ப்) எல்லாம் 80-களின் பிற்பகுதியில் வந்தவை.

இவர்களுக்கு நேரெதிர் ஒருவர் இருந்தார், அலெக்சாண்டர் டம்பிள். 2022 ஜனவரியில் காலமானார். வாழ்நாளில் சில நூறு ஆம்புகள்தான் செய்தார், ஒவ்வொன்றும் வாங்குகிறவரின் கைக்கு அளந்து செய்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அதன்மேல் எபாக்சி பசையை ஊற்றி மூடிவிடுவார். அவருடைய கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பசையை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் ஊருக்கு ஏற்ற ஆம்ப் அதற்கு மறுபக்கம்: திறந்தால் ஒவ்வொரு ரெசிஸ்டரும் முகம் காட்ட வேண்டும்.

[காட்சி: நெல்லை டவுன், ரத வீதிப் பக்கம். சின்னக் கடை. பலகை முழுக்கப் பழைய ரேடியோக்கள்.]

என் ஆம்பை டாலஸிலிருந்து மச்சான் கொண்டுவந்தார். பின்னால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே சொருகினால் 6.3 வோல்ட் வாங்க வேண்டிய ஹீட்டருக்கு 12 வோல்ட் போகும், உள்ளே இருக்கும் உயர் அழுத்தமும் இரட்டிப்பாகும், கண்டென்சர் வெடிக்கும். அது தெரிந்ததால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினேன். சின்னதாக வாங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, கூடவே ஒரு உறுமல்.

ஸ்டெப் டவுன் வாங்கினால் ஆம்ப் இழுக்கும் வாட்டைவிட ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். இன்னொன்று, அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் பண்ணிச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50-ல் ஓடும்போது இரும்புக்குள் காந்தம் நிரம்பித் தளும்பும், கூடுதலாகச் சூடாகும். அதனால் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டவுனில் வால்வு ரேடியோ பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். கோயில் கொடைக்கு மைக் செட் எல்லாம் வால்வில் ஓடிய காலத்தில், ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுக்கு ஆம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கிட்டார் ஆம்பை அவர் பார்த்ததில்லை. பின்பலகையைக் கழற்றியதும் சிரித்துவிட்டார்.

"தம்பி, இது இஎல் எண்பத்திநாலுல்லா! நம்ம பிலிப்ஸ் ரேடியோவுல கிடக்கதுதான். இதுக்கா இம்புட்டுப் பயந்தீங்க?"

சேஸிஸை, அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தை, கவிழ்த்து ஒரு மணி நேரம் பார்த்தார். டிரான்ஸ்பார்மர் ஓரத்தில் ஒரு வயர் யாருக்கும் வேண்டாததாகச் சுருட்டி, நுனியில் டேப் ஒட்டிக் கிடந்தது. ஹீட்டர் சுற்றில் வெளியிலிருந்து 6 வோல்ட் ஏசி கொடுத்து, மறுபக்கம் அளந்தார். ஒரு ஜோடியில் 110 பக்கம் காட்டியது. சுருட்டிக் கிடந்த வயரோடு சேர்த்து அளந்தால் அதன் இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 230-க்கான வயர் ஒன்பதாயிரம் மைலுக்கு மேல் தாண்டி வந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றி வைத்து, பியூஸைப் பாதி ஆம்பியருக்குக் குறைத்தார். அழுத்தம் இரட்டிப்பானால் கரண்ட் பாதிதான் ஓடும், பழைய பியூஸை விட்டால் அது காவல் காக்காது. ஸ்டெப் டவுன் அன்றைக்கே பரணுக்குப் போனது.

இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதும். அண்ணாச்சியே ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொடுவார். சோதிக்கும்போது இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

[காட்சி: ஆம்பின் பின்பக்கம். இப்போது மெல்லிய கொசுவலை அடித்திருக்கிறது.]

இந்த வலைக்கு ஒரு கதை. இரண்டாவது வருஷம், ஒரு புதன்கிழமை பயிற்சிக்கு ஆன் செய்தேன். பட்டென்று ஒரு நீல வெளிச்சம், தீய்ந்த வாடை. பியூஸ் போய்விட்டது. திறந்தால் சாக்கெட்டின் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு குட்டிப் பல்லி. கதகதப்புக்காக உள்ளே போய்ப் படுத்திருக்கிறது, பாவம். சாக்கெட் கரியாகிவிட்டது, கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் துடைத்தால் போதாது. அண்ணாச்சி பீங்கான் சாக்கெட் மாற்றி, கருகிய ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினார். எல்லாம் கையால் வயரிங் செய்ததால் சால்டரிங் அயர்னை எடுத்து வேலையை முடித்தார். அதே இடத்தில் சாக்கெட்டைப் பிரின்டட் போர்டில் பதித்திருந்தால் போர்டே வெந்திருக்கும்.

அன்றைக்கு முன்வரிசை வால்வு ஒன்றும் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க ஆரம்பித்திருந்தது. பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அண்ணாச்சி அலமாரியிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த இசிசி83. ஐரோப்பாக்காரர்கள் இசிசி83 என்பதும் அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பதும் ஒன்றே. அதைச் சொருகினார். கலிபோர்னியாப் பெட்டியில் பெங்களூரு வால்வு இன்று வரை வேலை செய்கிறது. இப்போது புதிதாக வால்வு செய்வது முக்கியமாக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்றும்தான். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதி நின்றபோது உலகம் முழுக்க வால்வுக்குத் திண்டாட்டம் வந்தது. அதனால் ஒரு செட் எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைப்பதுதான் பயாஸ். வாங்கும்போது கேத்தோடு பயாஸ் ஆம்பா என்று கேளுங்கள். அதில் பவர் வால்வை மாற்றினால் அதுவே ஓரளவு சரிப்படுத்திக்கொள்ளும். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்து அளந்து திருக வேண்டும். தெரிந்த ஆள் இருந்தால் அதுவும் நல்லதுதான்.

நம் பக்கத்துக் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வயலில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் 200-க்கு இறங்கினால் ஹீட்டருக்கு 5.5 வோல்ட்தான் கிடைக்கும். பத்து சதவீதம் வரை கூடக் குறைய இருந்தால் வால்வு பொறுத்துக்கொள்ளும், இது அதையும் தாண்டுகிறது. சத்தம் சோர்ந்துவிடும். கிராமத்து ஆலயங்களுக்குப் போனால் சர்வோ ஸ்டெபிலைசர் எடுத்துப் போகிறேன். சதுர அலை இன்வெர்ட்டரில் ஒருபோதும் போடாதீர்கள், டிரான்ஸ்பார்மர் கதறும்.

எர்த் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். பழைய அமெரிக்க ஆம்ப் சிலவற்றில் இரண்டு பின் பிளக்கும், கரண்ட் லைனுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கண்டென்சரும் இருக்கும். அது பழுதானால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட் ஏறும். பாடுவதற்கு மைக்கை உதட்டருகே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு, மூன்று பின் போட்டு, எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகே வாசியுங்கள். மிக்சருக்கும் ஆம்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள்.

[காட்சி: ஆலய மண்டபம், உயரமான கூரை. ஆம்ப் ஒரு நாற்காலியின் மேல், முன்னால் மைக்.]

கடைசியாக வாட். ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் 85 வாட், டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். நான்கு மடங்கு சத்தம் என்று நினைப்போம். காதின் கணக்கு அப்படியல்ல. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். 85-க்கும் 22-க்கும் வித்தியாசம் 6 டெசிபல் கூட இல்லை. நாசரேத்துப் பக்கம் ஒரு நண்பர் 100 வாட் ஹெட் வைத்திருக்கிறார். குமிழை 2-க்கு மேல் திருப்பவே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நான் முன்னால் சொன்ன அந்த வளைவு வேண்டுமென்றால் வால்வு உழைக்க வேண்டும். 15 வாட் ஆம்ப் நம் ஆலயங்களில் 4, 5-லேயே உழைக்க ஆரம்பித்துவிடும், மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். கல் கட்டடம் என்றால் ரிவெர்பை, அதாவது ஆம்ப் சேர்க்கும் எதிரொலியை, முழுசாகக் குறைத்துவிடுங்கள். கூரை தருவதே போதும். ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் மட்டும் ஆம்பை வாசிக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

இனி வாசித்துக் காட்டுகிறேன். முதல் முறை வால்யூம் 3-ல், அடுத்து 6-ல். கிட்டாரும் பிக்கும் அதே. மூன்றாவது முறை 6-லேயே வைத்து, பிக்கைக் கீழே போட்டுவிட்டு விரலால் வாசிக்கிறேன். ஹெட்போன் இருந்தால் போட்டுக் கேளுங்கள்.

[காட்சி: ஸ்விட்ச் ஆன். அரை நிமிடம் எந்தப் பேச்சும் இல்லை. வால்வுகள் ஒளிர்கின்றன. முதல் ஸ்வரம்.]