டிவியிலிருந்து இறங்கி வந்தவள்: ‘ரிங்கு’ ஏன் நம் தூக்கத்தைக் கெடுத்தது?

(திரையில்: இருட்டான ஹால். மூலையில் பழைய பெட்டி டிவி. அதன் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது.)

வணக்கம். 2003 கோடை விடுமுறை. பெரியம்மா வீட்டு ஹாலில் பாயை விரித்து நாங்கள் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா மகன், எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன், வாடகைக் கடையிலிருந்து இரண்டு சிடி கொண்டு வந்திருந்தார். ‘தி ரிங்’. ஆங்கிலப் படம். “எல்லாரும் உட்காருங்க, யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியைக்கூட எழுப்பி உட்கார வைத்தார். அடுக்களையில் இருந்த பெரியம்மாவையும் கூப்பிட்டார். “எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு” என்று அவர் வரவில்லை.

வசனம் பாதிக்கு மேல் புரியவில்லை. ஒரு பேய் டிவியோடு சம்பந்தப்பட்டது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. முதல் சிடி முடிந்தது, திரை நீலமானது. இரண்டாவது சிடியை மாற்ற வேண்டும். பிளேயர் இருப்பதோ டிவிக்கு நேர் கீழே. ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அண்ணன்தான் போனார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் தடவித் தடவி சிடியை மாற்றினார்.

பேய்ப் படம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் போகவே பயப்பட வைத்தது இந்தக் கதைதான். அது ஏன் என்று இன்றைக்குப் பார்ப்போம். கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள், பார்க்கும் எண்ணம் இருந்தால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

(திரையில்: ஜப்பான் வரைபடம். 1998.)

நாங்கள் பார்த்தது 2002இல் வந்த அமெரிக்க மறு ஆக்கம். மூலப் படம் ஜப்பானில் 1998 ஜனவரியில் வெளியான ‘ரிங்கு’. இயக்கியவர் ஹிதேயோ நகாதா. கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவல்தான் அடிப்படை. சமீபத்தில் ‘ஷோகன்’ தொடரில் தொரானாகாவாக வந்து எம்மி விருது வாங்கினாரே ஹிரோயுகி சனாடா, அவர் இந்தப் படத்தில் நாயகியின் முன்னாள் கணவர்.

கதை ரொம்ப எளிது. ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். ஏழாவது நாள் நீங்கள் செத்துப்போவீர்கள். ரெய்கோ என்ற பத்திரிகையாளர் இதை விசாரிக்கப் போய், தானே கேசட்டைப் பார்த்துவிடுகிறார். அங்கிருந்து நாள்கணக்கு ஓட ஆரம்பிக்கிறது.

கேசட்டில் இருப்பது கொஞ்ச நேரம்தான் ஓடும். ஒரு கண்ணாடி. அதில் ஒரு பெண் தலை வாருகிறாள். தலையைத் துணியால் மூடிய ஒருவன் எங்கேயோ கை காட்டி நிற்கிறான். கடைசியில் வெட்டவெளியில் ஒரு கிணறு. ரத்தம் கிடையாது, கத்தல் கிடையாது. ஒன்றுக்கொன்று ஒட்டாத காட்சிகள், அவ்வளவுதான். காய்ச்சல் அடிக்கும்போது வருகிற கனவு மாதிரி.

சரி, அந்தக் கிணற்றுக்கு வருவோம். ஜப்பானியர்களுக்குக் கிணற்றுப் பேய் புதிதல்ல. ஒகிக்கு என்ற வேலைக்காரப் பெண்ணின் கதை அங்கே நூற்றாண்டுகளாக வழங்குகிறது. எஜமானர் வீட்டில் விலைமதிப்புள்ள பத்துத் தட்டுகள். ஒன்று காணாமல் போக, பழி அவள்மேல் விழுகிறது. கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரியானால் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணுகிற சத்தம் வருமாம். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் வந்து, பத்து இல்லாமல் ஓவென்று அலறுவாளாம். ஹிமேஜி கோட்டைக்குப் போனால் ‘ஒகிக்குவின் கிணறு’ என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

தலை வாருவதும் அப்படித்தான். 1825இல் மேடையேறிய ‘யொட்சுயா’ பேய்க்கதை, ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் பெரும் புகழ் பெற்றது. அதில் புருஷனால் வஞ்சிக்கப்பட்ட ஒய்வா விஷத்தால் முகம் வீங்கிப்போய், சீப்பை எடுத்துத் தலை வாருவாள். வார வார முடி கொத்துக்கொத்தாக உதிரும். ஆகவே கேசட்டில் ஒரு பெண் கண்ணாடி முன் தலை வாரியபோதே ஜப்பானிய ரசிகருக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். நமக்கு அந்த முன்கதை தெரியாது.

ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. படத்தில் வருகிற பேயின் வெள்ளை உடை, தலைவிரி கோலம். ஜப்பானில் பிணத்துக்கு உடுத்துவது வெள்ளை அங்கி. பெண்கள் எப்போதும் கொண்டை முடிந்திருந்த காலத்தில், முடியை அவிழ்த்து விட்டால் அது சாவோடு சேர்ந்த கோலம். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோ வரைந்ததாகச் சொல்லப்படும் பேய் ஓவியம் ஒன்று உண்டு: வெள்ளை அங்கி, அவிழ்ந்த கூந்தல், இடுப்புக்குக் கீழே உருவம் மங்கிக் காணாமல் போய்விடும். கால் கிடையாது. ‘பேய்க்குக் கால் தரையில் பாவாது’ என்று நம் பாட்டிகள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அமாவாசைக் கதையில் கேட்ட மோகினிக்கும் அதே வெள்ளைச் சேலை, அதே கூந்தல். இந்தப் பேயை அமெரிக்கக்காரர்கள் எடுத்த படத்தில் பார்த்தாலும் நமக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

(திரையில்: பழைய கருப்பு வெள்ளைப் படங்கள். 1910.)

கதையின் இன்னொரு இழை நிஜ வாழ்க்கையிலிருந்து வருகிறது. 1910 வாக்கில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த தொமோகிச்சி ஃபுகுராய், ஞானதிருஷ்டி இருப்பதாகச் சொன்ன பெண்களைப் பரிசோதித்தார். சிசுகோ மிஃபுனே என்ற இளம்பெண், மூடி முத்திரையிட்ட காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதாகச் சொன்னார். அறிஞர்கள் முன்னிலையில் சோதனை நடந்தது, சந்தேகம் கிளம்பியது, பத்திரிகைகள் ஏமாற்று வேலை என்று எழுதின. 1911 ஜனவரியில் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபுகுராய் பிற்பாடு பரிசோதித்த வேறொரு பெண்ணின் பெயர் சடாகோ தகாஹாஷி. மனதில் நினைப்பதைப் புகைப்படத் தகட்டில் பதிய வைப்பார் என்று சொல்லப்பட்டவர்.

படத்தில் பேயின் பெயர் சடாகோ. அவளுடைய அம்மாவுக்கு ஞானதிருஷ்டி. பத்திரிகையாளர்கள் கூடிய அரங்கில் ‘மோசடி’ என்று கத்துகிறார்கள். கத்தியவர்களில் ஒருவர் அங்கேயே சுருண்டு விழுகிறார். கொன்றது அம்மா இல்லை, பக்கத்தில் நின்ற சிறுமி. நினைப்பைத் தகட்டில் பதித்த கதைதான் 1990களில், நினைப்பை கேசட்டில் பதித்த கதையாகிவிட்டது.

இனி அந்தக் காட்சி.

நம் ஊர்ப் பேய்க்கதைக்கு ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு. பேய் ஏன் வந்தது என்று பிளாஷ்பேக்கில் தெரிய வேண்டும். எலும்பைக் கண்டெடுத்து, செய்ய வேண்டியதைச் செய்தால் ஆத்மா சாந்தியடையும். ‘ரிங்கு’வும் அந்த வழியில்தான் போகிறது. ரெய்கோவும் முன்னாள் கணவர் ரியூஜியும் கிணற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ரெய்கோ அந்தத் தண்ணீருக்குள் துழாவி சடாகோவின் எலும்புக்கூட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது, சாகவில்லை. அப்பாடா. நீங்களும் பாயில் காலை நீட்டிக்கொள்கிறீர்கள்.

மறுநாள் ரியூஜி வீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். டிவி தானாக எரிகிறது. அதே கிணறு. இதுவரை வெறும் கிணறாகக் கிடந்ததன் விளிம்பில் ஒரு கை தெரிகிறது. ஒருத்தி ஏறி வெளியே வருகிறாள். வெட்டி வெட்டி இழுக்கிற நடையில் நம்மை நோக்கி வருகிறாள். திரை முழுவதையும் அடைக்கிறாள். அப்புறம் கண்ணாடியைத் தாண்டித் தரையில் இறங்கித் தவழ்கிறாள். விரல்களில் நகமே இல்லை. கிணற்றுச் சுவரைப் பிராண்டி ஏறப் பார்த்ததில் போன நகங்கள். முகம் கடைசி வரை தெரியாது. முடிக்கு நடுவே ஒரே ஒரு கண் மட்டும்.

அந்த நடையை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? சடாகோவாக நடித்த ரியே இனோ பின்பக்கமாக நடந்தார். அதைப் படம்பிடித்துக் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி ஓட்டினார்கள். பார்க்கும்போது முன்னால் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் எடை விழுகிற விதம் தப்பாக இருக்கும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, உடம்புக்கு மட்டும் தெரியும். கணினி வரைகலையைக் கொட்டி எடுக்கிற இன்றைய பேய்கள் பலவும் எனக்கு பொம்மை மாதிரித் தெரிவதற்கு இந்த நடைதான் காரணம். இன்னொன்று: சுசுகியின் நாவலில் அவள் டிவியிலிருந்து வெளியே வருவதே கிடையாது. அது படத்துக்காக யோசித்தது.

சரி, பிள்ளைகளை ஏன் இது அப்படி ஆட்டிவைத்தது?

ஜோவான் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிள்ளைகளின் சினிமா பயத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். ‘ஹல்க்’ டிவி தொடரைப் பார்த்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், சாது மனிதர் பச்சை அரக்கனாக மாறுகிற இடத்தில்தான் அதிகம் பயந்தார்கள். அவன் நல்லவன், காப்பாற்ற வருகிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு எடுபடவில்லை. சின்ன வயதில் பார்வைக்குக் கோரமாக இருந்தாலே போதும். கொஞ்சம் வளர்ந்ததும் பயம் இடம் மாறுகிறது: நமக்கு நடக்கக்கூடியதா, நடக்காததா என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்.

எங்கள் பாயில் இரண்டு வகையும் உட்கார்ந்திருந்தது. கடைக்குட்டி முடியைப் பார்த்துப் பயந்தாள். எனக்கு வயது பதினொன்று. நான் கணக்குப் போட்டேன். டிராகுலாவுக்குக் கோட்டை வேண்டும், அது நம் தெருவில் இல்லை. சுறாவுக்குக் கடல் வேண்டும். இவளுக்கு வேண்டியது ஒரு டிவி. அது ஹாலில் இருக்கிறது, நாம் தூங்குவதும் ஹாலில்தான். கண்ணை மூடிக்கொண்டால் படத்திலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான் பிள்ளைகளின் கடைசி ஆயுதம். திரையையே வாசலாக்கி அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

1999இல் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் சின்ன வயதில் பார்த்த ஏதோவொரு படம் தங்களை வெகுநாள் பயமுறுத்தியதாகச் சொன்னார்கள். கால்வாசிப் பேருக்கு அந்த மிச்சம் இன்னும் போகவில்லை. சுறாப் படமான ‘ஜாஸ்’ பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கத் தயங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ‘சைக்கோ’வில் குளியலறையில் கொலையாகிற பாத்திரத்தில் நடித்த ஜேனட் லீயே, அப்புறம் ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். எப்படி எடுத்தார்கள் என்று கூட நின்று பார்த்தவர் அவர்!

(திரையில்: மஞ்சள் நிறத் துண்டு நோட்டீஸ்.)

படத்தின் நிஜமான விஷம் கடைசி சில நிமிடங்களில் இருக்கிறது. ரியூஜி செத்தார், ரெய்கோ மட்டும் ஏன் சாகவில்லை? எலும்பை எடுத்ததால் இல்லை. அவர் அந்த கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தார். தப்பிக்க அது ஒன்றே வழி.

இது நமக்குத் தெரிந்த கணக்கு. ‘கோயிலில் ஒரு பாம்பு பூசாரியிடம் பேசியது, இதை ஆயிரம் பேருக்கு அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார்’ என்று ஒரு நோட்டீஸ் வருமே, அதே சங்கதி. ஜப்பானிலும் ‘துரதிர்ஷ்டக் கடிதம்’ என்று 1970களில் இப்படி ஒரு தொடர் கடிதம் பரவியது. நம்பாதவர்கள்கூட எதற்கு வம்பு என்று எழுதிப் போட்டார்கள்.

ரெய்கோவின் சின்ன மகனும் ஒரு ராத்திரி, தாத்தா வீட்டில் எல்லோரும் தூங்கும்போது, தனியாக அந்த கேசட்டைப் பார்த்துவிட்டான். இப்போது அவனுக்கு நாள் நெருங்குகிறது. ரெய்கோ வீடியோ பிளேயரைக் காரில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போடுகிறார். பேரனுக்காக ஒரு உதவி வேண்டும் என்கிறார். கார் நெடுஞ்சாலையில் போகிறது. படம் முடிகிறது. அந்தத் தாத்தா யாருக்குக் காட்டுவார் என்று யோசிக்க விட்டுவிடுகிறார் நகாதா.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ராத்திரி பெரியம்மா டிவியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். அப்படியும் எல்லோரும் உள் அறையில் போய் நெருக்கியடித்துப் படுத்தோம். அண்ணன் மட்டும் ஹாலிலேயே, டிவிக்கு நேர் எதிரே, நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். என்ன தைரியம் என்று வருடக்கணக்கில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறோம்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது அதைக் கேட்டேன். அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் அதை முந்தின நாளே ஃபிரெண்டு வீட்ல பார்த்துட்டேன்டா. காப்பி எடுக்க வழியில்ல. உங்களுக்காவது காட்டிடுவோம்னுதான் கொண்டு வந்தேன்.”