சங்கிலி போட்ட டம்ளர்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில், தல்லாகுளத்திலிருந்து வைகைக் கரை வரைக்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். ஒரு பானை, அதன் மேல் ஒரு தட்டு, பக்கத்தில் சங்கிலியால் கட்டிய டம்ளர். "என்னைத் திருடன் என்று நினைத்தாயா?" என்று அந்தச் சங்கிலியைப் பார்த்து யாரும் சண்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவருக்கும் தாகம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பொது இடத்துக் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த டம்ளர்தான்.

நான் மதுரையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். நூலகம், கிராமத்துச் சேவை மையம், மகளிர் குழு அலுவலகம் என்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இடங்களில் இருக்கிற கம்ப்யூட்டர்களை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்துக்கு இது புதிது இல்லை. 2001-ஆம் ஆண்டிலேயே மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் வரத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைப்புக் கொடுத்தார்கள். கண்ணில் கோளாறு என்று வருகிறவரை அங்கேயே படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்கித் தந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெரும்பாலும் மையத்தை நடத்துகிறவர்தான் கீபோர்டைத் தொடுவார். ஊர்க்காரர்கள் பக்கத்தில் நின்று சொல்வார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கியபடியே வைத்துவிடுகிறோம். வீட்டில் ஒருவர் உபயோகிப்பதற்காகச் செய்த பொருளை ஊர்ப் பொதுவில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு கிராமத்து மையத்திலிருந்து, "சிஸ்டம் ரொம்ப மெதுவாக ஓடுது" என்று கூப்பிட்டார்கள். போய் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். உருட்ட உருட்ட முடியவில்லை. ஆதார், பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒரு பெண்ணின் வயிற்று ஸ்கேன் அறிக்கை. யாரோ ஒருவருடைய ஜிமெயில் திறந்தபடியே கிடந்தது.

ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். இணையத்தில் இறக்கும் இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான். ஊருக்குள் ஒருவர் பெயர் யாருக்குத் தெரியாது? பிறந்த வருடம் பக்கத்திலேயே கிடக்கிற மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

முதியோர் உதவித்தொகைக் காகிதம் எடுக்க வந்திருந்த ஓர் அப்பத்தா என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்காகிதமும் அதுல கெடக்காய்யா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். மூன்று முறை இறக்கியிருந்தார்கள், மூன்றும் கிடந்தன. அவர் கண் முன்னாலேயே அழித்தேன். "அழிச்சா போயிருமா?" என்றார். ரீசைக்கிள் பின்னையும் திறந்து காட்டி, அதையும் காலி செய்தேன். அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவருடைய கேள்விக்கு நான் முழுப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதே மையத்துக்கு மறு வாரம் போய்ப் பூட்டினேன். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியைத் (பிரவுசரை) திரை முழுக்க விரியும்படி வைத்து, பட்டி, பொத்தான் எல்லாவற்றையும் மறைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?" என்றான். உட்கார்ந்தான். ஷிஃப்ட் விசையை டக் டக்கென்று ஐந்து முறை தட்டினான். விரல் ஊனமுற்றவர்களுக்காக விண்டோஸில் வைத்திருக்கும் ஒரு வசதிக்கான ஜன்னல் திறந்தது. அதிலிருந்த இணைப்பை அழுத்தினான், செட்டிங்ஸ் வந்துவிட்டது. நான் அதை அடைத்தேன். இன்னொரு வழி காட்டினான். பிரிண்ட் கொடுத்து, பி.டி.எஃப்.பாகச் சேமிக்கச் சொன்னான். எங்கே சேமிக்க என்று கேட்கிற ஜன்னலில் ஹார்டு டிஸ்க் முழுவதும் விரிந்து நின்றது. ஆல்ட் எஃப்-4 அழுத்தினால் உலாவியே மூடிக்கொண்டது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படிக் கைவைத்துப் பார்க்கிற பிள்ளைகளை மையத்திலிருந்து விரட்டுவதைப் பல ஊரில் பார்க்கிறேன், தவறு. கதவைத் தட்டிப் பார்க்கிறவன்தான் தாழ்ப்பாள் பழுது என்று சொல்லித் தருகிறான்.

சரி, எப்படிப் பூட்டுவது?

திரையை மட்டும் மறைத்தால் போதாது என்பதை அன்றைக்குப் படித்தேன். அடியிலிருந்து வர வேண்டும். பொதுமக்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் கணக்கு, அமைப்பை மாற்ற அதிகாரமில்லாத சாதாரணக் கணக்காக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மின் கணக்கு தனி, அதன் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய சீட்டில் இருக்கக் கூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கியோஸ்க் என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு கணக்கில் ஒரே ஒரு செயலிதான் ஓடும், டெஸ்க்டாப்பே வராது. எட்ஜ் உலாவியை அதில் பொதுப் பயன்பாட்டு முறையில் வைத்தால், ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தாலே முந்தையவர் பார்த்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஆனால் கடையில் வாங்கும் பல கம்ப்யூட்டர்களில் வருவது ஹோம் பதிப்பு. அதில் இந்த ஏற்பாடு கிடையாது, புரோ பதிப்பு வேண்டும். மையத்துக்கு வாங்குகிறவர்கள் பில் போடும் முன்னால் இதைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இதே வேலையை வாங்கலாம், நானே பல இடத்தில் போட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த முறை இன்னொன்று. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் முதல் நாள் இருந்த நிலைக்கே திரும்பிவிடும்படி செய்வது. ஒருவர் எழுதுவது, இறக்குவது, மாற்றுவது எதுவும் அசல் இடத்தில் போய் உட்காராது. தற்காலிகமாக ஒரு மூலையில் விழும், மறுபடி துவங்கும்போது அந்த மூலை காலி. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் மைக்ரோசாஃப்டே இதற்கு ஸ்டெடிஸ்டேட் என்று ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. 2010-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது இன்றும் வருத்தம். டீப் ஃப்ரீஸ் என்று விலைக்குக் கிடைப்பது ஒன்று உண்டு. விண்டோஸின் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இப்படி அசல் இடத்தில் எழுதுவதைத் தடுக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, நல்லதும் சேர்ந்தே அழியும். பாதுகாப்புப் புதுப்பிப்பு இறங்கினாலும் மறுநாள் காணாமல் போகும். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புதுப்பிப்புகளை வெளியிடும், நமக்கு அது அன்று ராத்திரி வந்து சேரும். அதனால் அந்த வாரக் கடைசியில் நான் போய்ப் பூட்டைத் திறந்து, புதுப்பித்து, மறுபடி பூட்டிவிட்டு வருவேன். அப்புறம், அரைமணி நேரம் உட்கார்ந்து தட்டிய விண்ணப்பம் மின்சாரம் போனால் போய்விடும். ஆகவே யு.பி.எஸ். கட்டாயம். "அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உங்கள் கோப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

கையோடு எப்படி எடுப்பது, பென் டிரைவில்தானே? அங்கேதான் பலர் யு.எஸ்.பி.யை மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். பென் டிரைவ் வழியாக வைரஸ் பரவுவது உண்மை. 2008-இல் வந்த கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பென் டிரைவிலும் ஏறிப் பரவியது. ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் வைரஸை அறியாத ஜெராக்ஸ் கடை உண்டா? ஆனால் பிரிண்ட் எடுக்க வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் மையம் எதற்கு? நான் முன்பக்கம் ஒரு துளையை மட்டும் திறந்து வைப்பேன். பென் டிரைவிலிருந்து எந்த புரோகிராமும் ஓடாதபடி தடுத்துவிடுவேன். படிக்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காரும் முன்னால் ஒரு ரீஸ்டார்ட். இதை மட்டும் விடக்கூடாது. காலையில் வந்த வைரஸ் சாயங்காலம் வரை உள்ளே இருந்தால், நடுவில் வந்த அத்தனை பேர் பென் டிரைவிலும் ஏறிவிடும்.

அதிகமாகப் பூட்டுவதும் ஆபத்து. ஒரு நூலகத்தில் விண்டோஸ் விசையை நான் முடக்கிவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்துப் போனால், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையால் எழுதிய மனுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, முன்னெல்லாம் தமிழ் அடிக்கும், இப்ப இங்கிலீஷ்தான் வருது" என்றார். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தித்தான் அவர் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகைக்கு மாறுவார். நான் விசையை முடக்கியதில் தமிழும் போய்விட்டது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. இரண்டு வாரமாக வந்து வந்து திரும்பியிருக்கிறார். அன்றிலிருந்து, பூட்டி முடித்ததும் தமிழில் ஒரு வரி தட்டி, பிரிண்ட் எடுத்துப் பார்க்காமல் நான் எந்த இடத்தையும் விட்டுக் கிளம்புவதில்லை.

பெட்டியையும் பூட்ட வேண்டும். சி.பி.யூ.வைத் திறந்து உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால், பல பழைய மாடல்களில், விண்டோஸுக்கும் முன்னால் ஓடித் துவக்கத்தைக் கவனிக்கிற பயாஸுக்கு நாம் போட்ட பாஸ்வேர்டே அழிந்துவிடும். பிறகு பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் துவக்கிவிடலாம், நாம் போட்ட எந்தப் பூட்டும் அதற்குத் தெரியாது. கீபோர்டு வயர் போய்ச் சேரும் இடத்தைத் தினமும் ஒருமுறை பாருங்கள். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஏதாவது நடுவில் செருகியிருந்தால், அது தட்டுகிற எழுத்தையெல்லாம் பதிவு செய்கிற கருவியாக இருக்கலாம். காற்றோட்டம் உள்ள மரப்பெட்டி ஒன்றை உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால் செய்து தருவார்.

இன்னொரு விஷயம். இன்டர்நெட் மையங்களுக்கு 2011-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. வருகிறவரின் அடையாளம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், பதிவை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், இருக்கைகளைப் பிரிக்கும் தடுப்பு நாலரை அடி உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சரிதான். ஆனால் அந்தப் பதிவேட்டை மேசை மேல் விரித்து வைத்திருப்பார்கள். பெண்களின் பெயரும் போன் நம்பரும் வரிசையாக இருக்கும், கையெழுத்துப் போட வருகிறவர் எல்லாரும் படிக்கலாம். கம்ப்யூட்டரை இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவிட்டு நோட்டைத் திறந்து போடாதீர்கள். மேசை டிராயரில் வையுங்கள்.

மையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உட்காரும் முன்னால், "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். பாங்க் வேலையை அங்கே பார்க்காதீர்கள். ஓ.டி.பி. வந்தால் நீங்களே தட்டுங்கள், சத்தமாக வாசிக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். எந்த ஊரில் புதிதாகப் பூட்டினாலும் அவனை பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போகிறேன். போன மாதம் ஒரு மையத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். ஷிஃப்ட் வேலை செய்யவில்லை, சேமிக்கும் ஜன்னல் திறக்கவில்லை. கடைசியில் பிரிண்டர் ஜன்னலின் மூலையில் 'உதவி' என்று இருந்ததைத் தொட்டான். பிரிண்டர் நிறுவனத்தின் பக்கம் தனி ஜன்னலில் திறந்தது. "அண்ணே, இங்க ஒண்ணு இருக்கு" என்றான். அதை அடைத்துவிட்டு, தமிழில் ஒரு வரி தட்டி, பிரிண்ட் எடுத்துப் பார்த்து, மையத்து அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்கினோம். அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.

நன்றி, வணக்கம்.